தாளுக்குப் போட்ட கணக்கு, ஃபோமில் வெட்டிய உருவம்

கணினித் திரையில் ஒரு சிங்க முகம். மென்பொருள் அதைத் தட்டைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு ஓரத்துக்கும் எண் போடுகிறது. ஏ4 தாள்களில் அச்சிட்டுக் கொடுக்கிறது. தாளை ஃபோம் ஷீட்டின் மேல் வைத்துக் கோடு இழுத்து, கத்தியால் வெட்டி, 14ஆம் ஓரத்தை இன்னொரு 14ஆம் ஓரத்தோடு, 15ஐ 15ஓடு என்று ஒட்டிக்கொண்டே போனால் சிங்கம் வந்துவிடும். களிமண்ணைத் தொட்டே பார்க்காதவரும் சிங்கம் செய்யலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய கவர்ச்சி. அது வெறும் விளம்பரமும் அல்ல, உண்மையிலேயே செய்கிறார்கள். ஆனால் வந்து நிற்கும் சிங்கத்தின் கன்னம் ஏன் தட்டையாக இருக்கிறது, திரையில் இருந்ததைவிட முகம் ஏன் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது, மூக்கின் நடுவே ஏன் ஒரு கோடு ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தில் போய் முட்டும். பேட்டர்ன் போடும் கணக்கு தாளுக்காக உருவானது. ஃபோம் தாள் அல்ல.

டிஜிட்டல் மாதிரியிலிருந்து கையால் வெட்டிச் செய்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உருவத்தின் மேற்பரப்பை உரித்து விரிப்பது. உள்ளே வெற்றிடம், வெளியே ஓடு மட்டும். உடலில் அணியும் கவசம், தலைக்கவசம், பொம்மைத் தலை எல்லாம் இந்த வகை. இன்னொன்று, உருவத்தை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக அறுத்து, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் தெர்மாகோல் அட்டையில் வரைந்து, வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுவது. சினிமா செட்டுக்கான சிலை, ஊர்வல வண்டி, மேல் சிமெண்டோ ஃபைபரோ பூசப்போகும் பெரிய உருவம் ஆகியவற்றுக்கு இது. சிஎன்சி இயந்திரம் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தாண்டிப் போய்விடலாம். முழுக் கட்டியை அதுவே குடைந்து கொடுத்துவிடும். அந்த வசதி இல்லாத பட்டறைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த யோசனை கணினியோடு பிறந்ததல்ல. திண்ம உருவங்களைத் தட்டையாக விரித்து வரையும் படங்களை ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவையியல் நூலிலேயே பார்க்கலாம். 1860களில் பாரிசில் பிரான்சுவா வில்லெம் என்பவர் ஆளை நடுவில் நிற்கவைத்து, சுற்றிலும் 24 கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுத்து, அந்த நிழலுருவங்களின் விளிம்புகளைக் கொண்டு சிலை செய்து விற்றார். 1892இல் பிளான்தர் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார்: நிலப்படத்தின் சமஉயரக் கோடுகளை மெழுகுத் தகடுகளில் வெட்டி அடுக்கி மலையின் வடிவத்தைக் கொண்டுவருவது. இன்று தெர்மாகோலில் செய்யும் அடுக்கு முறை அதுவேதான். கணினி செய்தது ஒன்று: கோடு போடும் வேலையை நாட்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தில் சில முடிவுகள் நம் கையை விட்டு மென்பொருளின் கைக்குப் போனதைப் பலரும் கவனிக்கவில்லை.

விரிக்கும் முறையை முதலில் பார்ப்போம். பந்தின் மேற்பரப்பைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக்க முடியாது என்று 1827இல் கணிதவியலாளர் கௌஸ் நிறுவிவிட்டார். ஆகவே விரிக்க வேண்டுமானால், வளைந்த உருவத்தை முதலில் தட்டை முக்கோணங்களின் கூட்டமாக மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றிய பிறகும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. குழிவு இல்லாத எந்தத் தட்டைமுக உருவத்தையும் ஓரங்களில் மட்டும் வெட்டி ஒன்றன் மேல் ஒன்று படாமல் ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்று 1975இல் ஜெஃப்ரி ஷெப்பர்ட் எழுப்பிய கேள்விக்கு இன்னும் நிரூபணம் கிடைக்கவில்லை. சிங்கத்தின் முகத்திலோ குழிவுக்குப் பஞ்சமே இல்லை. எனவே மென்பொருள் பல துண்டுகளாக வெட்டித்தான் தீர வேண்டும்.

இதில் பெரிய நகர்வு ஜப்பானில் நடந்தது. ஜுன் மிதானியும் ஹிரோமாசா சுசூகியும் 2004இல் சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு, சிக்கலான உருவத்தைச் சிறு முக்கோணங்களாக விடாமல் நீண்ட பட்டைகளாகப் பிரித்து, வெட்டி ஒட்டுவதற்கு ஏற்றதாக்கியது. அந்த ஆய்வின் தலைப்பிலேயே தாள் பொம்மை என்றுதான் இருக்கிறது. பெபகுரா டிசைனர் என்ற ஜப்பானிய மென்பொருள் விரிக்கும் வேலையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ஹாலோ வீடியோ கேமின் ரசிகர்கள் அதைக் கொண்டு வீரனின் கவசத்தைக் கெட்டித்தாளில் செய்து, அதன் மேல் ரெசினும் ஃபைபர் கிளாஸும் பூசிக் கெட்டியாக்கினார்கள். ரெசின் நாற்றமும் வாரக்கணக்கில் தேய்க்கும் வேலையும் அலுத்துப்போனபோது, ஜிம் தரையில் பரப்பும் ஈவிஏ மேட்டை எடுத்து அதே பேட்டர்னை அதில் வெட்டத் தொடங்கினார்கள். மூலப்பொருள் மாறியது. கணக்கு மாறவில்லை.

தடிமன்தான் முதல் இடறல். தாளுக்குத் தடிமன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஜிம் மேட்டுக்கு 10 மி.மீ இருக்கிறது. 300 மி.மீ விட்டமுள்ள ஒரு வளையத்தைத் திரையில் வரைந்திருக்கிறோம் என்று கொள்வோம். பேட்டர்ன் 942 மி.மீ நீளப் பட்டையைக் கொடுக்கும். அதை ஃபோமில் வெட்டி வளைத்து ஒட்டினால், உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் ஏறத்தாழ அதே நீளத்தில் நிற்கும். விளைவு, வளையத்தின் வெளி விட்டம் 310, உள் விட்டம் 290. பார்ப்பவருக்குப் பெரிதாகவும் போட்டுக்கொள்பவருக்கு இறுக்கமாகவும் ஒரே பொருள் இருப்பதன் மர்மம் இவ்வளவுதான். வெளி விட்டம் சரியாக 300 வர வேண்டுமென்றால் 911 மி.மீதான் வெட்டியிருக்க வேண்டும். இந்த 31 மி.மீ வித்தியாசம் வளையம் எவ்வளவு பெரிதானாலும் மாறாது. தடிமனை மட்டும் பொறுத்தது. அதனால்தான் மார்புக் கவசத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை மணிக்கட்டுக் காப்பில் முகத்தில் அடித்தாற்போலத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு பிழை ஓடுகிறது. வட்டத்தை நேர்ப்பக்கங்களாகக் குறைக்கும்போது முனைகள் வட்டத்தின் மேலேயே இருந்தாலும் பக்கங்கள் உள்ளே போய்விடும். 150 மி.மீ ஆரமுள்ள வட்டத்தை அறுகோணமாக்கினால், பக்கத்தின் நடுவில் ஆரம் 130 ஆகிவிடுகிறது. 20 மி.மீ போயே போய்விட்டது. பன்னிரண்டு பக்கங்களாக்கினால் 5 மி.மீதான் குறையும்; ஆனால் வெட்டி ஒட்டும் வேலை இரட்டிக்கும். ஆக, பக்கங்களைக் குறைத்தால் உருவம் மெலிகிறது, ஃபோமைத் தடிமனாக்கினால் உருவம் பெருக்கிறது. சில நேரம் இரண்டும் தற்செயலாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அளவு சரியாக வந்துவிடும். அப்படிச் சரியாக வந்த கோப்பைத்தான் ‘ரொம்ப நல்ல பேட்டர்ன்’ என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிறார்கள். வேறு தடிமனில் வெட்டிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஓரங்களின் கதை தனி. தாளில் மடிப்புக்கோடு போதும். ஃபோமில் இரண்டு துண்டுகளை நேர்வெட்டாக வெட்டி ஒரு கோணத்தில் சேர்த்தால், உள்விளிம்புகள் முட்டிக்கொண்டு வெளிப்பக்கம் பிளந்து நிற்கும். ஆகவே ஓரத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். கனசதுரத்தின் ஓரத்துக்கு 45 டிகிரி என்று எல்லோருக்கும் தெரியும். இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஒழுங்கான உருவத்துக்கு ஏறக்குறைய 21 டிகிரி. சிங்க முகத்திலோ ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒவ்வொரு கோணம்; புடைப்பான ஓரத்தில் உள்பக்கமாகச் சாய்க்க வேண்டும், குழிவான ஓரத்தில் வெளிப்பக்கமாக. மென்பொருள் புடைப்பையும் குழிவையும் வேறு வேறு கோடுகளால் காட்டுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கத்தியை எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பதைத் தேர்ந்தவர் கையே தீர்மானிக்கிறது. பழகிய ஆள் ஒருவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், கோட்டின் தொடக்கத்தில் சற்று நிமிர்ந்திருக்கும் கத்தி, கோடு முடியும்போது நன்றாகப் படுத்துவிடுவதைக் காணலாம். ஒரே ஓரத்தில் கோணம் மாறிக்கொண்டே போகிறது. ‘சிற்பம் தெரிய வேண்டாம், கோட்டின் மேல் வெட்டினால் போதும்’ என்பவர்கள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

தடிமனாவது தொந்தரவு. ஃபோமின் இன்னொரு குணம் வரம். அதையும் பேட்டர்ன் வீணடிக்கிறது. ஈவிஏ சூட்டில் இளகும். ஹீட் கன்னைக் காட்டி, முழங்காலின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், தட்டை ஷீட் கிண்ணம்போல் குழிந்து அப்படியே நிற்கும். கௌஸ் சொன்னது இழுக்க முடியாத பரப்புக்கு, ஃபோமை இழுக்கலாம். அதாவது, தாளில் பத்துத் துண்டுகளாக உடைத்தே தீர வேண்டிய கன்னத்தை ஃபோமில் ஒரே துண்டாக, ஓரத்தில் ஆப்பு வடிவ வெட்டு, அதாவது டார்ட், இரண்டு மட்டும் எடுத்துச் செய்துவிடலாம். ரவிக்கை தைக்கும் டெய்லர் செய்வது இதைத்தான்: துணி எவ்வளவு இழுபடும் என்று விரலுக்குத் தெரியும், மிச்சத்துக்கு டார்ட். பெபகுரா போல விரித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு இழுபடும் பொருள் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பத்துத் துண்டு வெட்டச் சொல்கிறது, நாமும் வெட்டுகிறோம், ஒன்பது இணைப்புகளை அடைத்துத் தேய்க்கிறோம்.

இணைப்புக் கோடு எங்கே விழுகிறது என்பது வெறும் வேலைக்கணக்கு அல்ல, அழகியல் முடிவு. மென்பொருள் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமலும் தாளில் இடம் வீணாகாமலும் பார்த்து வெட்டுகிறது. மூக்கு முகத்தின் நடுவில் இருப்பதும், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும் என்பதும் அதற்குத் தெரியாது. பிடரி தொடங்கும் இடத்தில், தாடையின் கீழ்விளிம்பில், புருவத்தின் நிழலில் கோட்டை ஒளித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். பெபகுராவில் துண்டுகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் வசதி இருக்கிறது. ஆனால் தானாக விரிக்கும் பொத்தான் அதைவிடக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்முறை ஒன்று, கதாபாத்திர வேடம் கட்டும் காஸ்ப்ளேக்காரர்களிடம் உண்டு. ஆளின் உடம்பையோ பொம்மையையோ பிளாஸ்டிக் உறையால் சுற்றி, மேலே டேப் ஒட்டி மூடி, அதன் மேல் பேனாவால் இணைப்புக் கோடுகளை வரைந்து, அந்தக் கோட்டிலேயே வெட்டி எடுத்துத் தட்டையாக்குவது. கணினி எதுவும் தேவையில்லை. இதில் கோடுகள் எல்லாம் கண்ணால் முடிவு செய்தவை. தட்டையாகாமல் சுருங்கும் இடத்தில் டார்ட் வெட்ட வேண்டும் என்று டேப்பே சொல்லிவிடும். ஆளின் உடம்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தவும் செய்யும். குறையும் கண்முன்னே இருக்கிறது: இல்லாத பொருளைச் சுற்ற முடியாது. ஒன்பது அடி உயரச் சிங்கத்துக்கு டேப் ஒட்ட வேண்டுமானால் அந்தச் சிங்கம் முன்பே அங்கே நின்றிருக்க வேண்டும். டிஜிட்டல் பேட்டர்னின் முதல் பலம் இங்கேதான் தெரிகிறது. கையளவு மாதிரியையோ திரையில் மட்டும் இருப்பதையோ எந்த அளவுக்கும் கொண்டுபோகலாம். இடதுபக்கத்தைப் புரட்டி வலதுபக்கம் ஆக்கலாம். இரண்டு காதும் ஒரே அளவில் வரும். கையால் செய்பவர்களில் தேர்ந்தவர்களுக்கே அது லேசில் வராது.

அடுக்கு முறைக்கு வருவோம். இதன் கணக்கு எளிது, வஞ்சனையும் எளிது. 300 மி.மீ ஆரமுள்ள ஒரு கோளத்தை 50 மி.மீ தெர்மாகோல் அட்டைகளில் அடுக்குகிறோம். நடுவில் இருக்கும் இரண்டு அடுத்தடுத்த வெட்டுமுகங்களுக்கு இடையே படி வெறும் 4 மி.மீ. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போய்விடும். உச்சிக்குப் போனால், முதல் அட்டையின் அடியில் ஆரம் 166 மி.மீ, அதற்கடுத்ததன் அடியில் 224. படி 58 மி.மீ. அதே அட்டை, அதே தடிமன், அதே உருவம்; ஆனால் நடுவில் பேட்டர்ன் எல்லாவற்றையும் சொல்கிறது, உச்சியில் எதையும் சொல்லவில்லை. தலையைக் கிடையாக அறுத்தால் உச்சந்தலையும் தாடையின் அடியும் கையூகத்துக்குப் போய்விடும். நெடுக்காக, மூக்கைப் பிளந்து இரண்டு பக்கமும் போகிறாற்போல் அறுத்தால், பக்கவாட்டு முகவெட்டு அச்சடித்தாற்போல் வரும், கன்னங்கள் படிக்கட்டாகும். எந்தத் திசையில் அறுப்பது என்பதுதான் இந்த முறையில் ஒரே பெரிய முடிவு. பட்டறைகள் பெரும்பாலும் அதை எடுப்பதே இல்லை. மென்பொருள் திறந்தபோது எப்படி நின்றதோ அப்படியே அறுத்துவிடுகிறார்கள்.

பசை விஷயத்தில் தெரியாமல் கை வைத்தவர்கள் பட்டபின்தான் தெரிந்துகொள்கிறார்கள். தச்சர்கள் லேமினேட் ஒட்டும் கரைப்பான் கலந்த ரப்பர் பசையைத் தெர்மாகோலில் தடவினால் அட்டையே உருகிப் பள்ளமாகும். வெள்ளைப் பசை பாதுகாப்பானது; ஆனால் இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவில் காற்று புகாது, ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே நாள்கணக்கில் கிடக்கும். காய்ந்த பிறகு வேறு தலைவலி. பசைக்கோடு தெர்மாகோலைவிடக் கடினம். தேய்க்கும்போது அட்டை சீக்கிரம் தேய்ந்து பசைக்கோடு மட்டும் வரப்பாகத் தூக்கி நிற்கும். சூட்டுக் கம்பி அந்தக் கோட்டில் வந்து மாட்டும். ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளிப் பசை வைப்பதும், நடுவில் மூங்கில் குச்சி குத்தி இறுக்குவதும் அனுபவம் சொல்லித் தரும் வழிகள். எந்தப் பேட்டர்ன் தாளிலும் இவை அச்சாவதில்லை.

பேட்டர்னும் ஃபோமும் உண்மையிலேயே ஒத்துப்போன இடங்கள் எவை என்று பார்த்தால், அளவுகோல் ஒன்று கிடைக்கும். 1975இல் முதலில் பறந்த, விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வேரிஈஸி விமானத்தைப் பலரும் தங்கள் கேரேஜிலேயே கட்டினார்கள். இறக்கையின் உள்ளீடு ஃபோம் கட்டி. இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் ஒரு டெம்ப்ளேட். இரண்டு பேர் சூட்டுக் கம்பியின் இரு முனைகளையும் பிடித்து டெம்ப்ளேட்டின் மேல் நகர்த்துவார்கள். டெம்ப்ளேட்டின் விளிம்பில் எண்கள் குறித்திருக்கும். ஒருவர் ‘இருபது, இருபத்தொன்று’ என்று உரக்கச் சொல்ல, மற்றவர் அதே எண்ணில் கம்பியை வைத்திருக்க வேண்டும். இங்கே எந்தத் தகவலும் தொலைவதில்லை. இறக்கையின் பரப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோடுகளால் ஆனது, கம்பியும் நேர்கோடு. வடிவத்தின் இலக்கணமும் கருவியின் இலக்கணமும் ஒன்றே. ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் நகரில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி 1990களின் இறுதியில் கட்டிய நோயர் சோல்ஹோஃப் கட்டடங்களில் வளைந்த சுவர்த்துண்டுகளை வார்க்க, டிஜிட்டல் மாதிரியிலிருந்து நேரடியாகக் குடைந்த ஃபோம் அச்சுகள் பயன்பட்டன. அங்கே ஃபோம் இறுதிப் பொருளே அல்ல. கான்கிரீட் இறுகியதும் அதன் வேலை முடிந்தது. தட்டை முகங்களைக் கொண்ட ரோபோ, விண்வெளிக் கவசம், கோண வடிவ மிருகச் சிலை ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். அவற்றில் முக்கோணம் குறையல்ல, உருவமே அதுதான்.

மனித முகமும் சதையும் இந்தப் பட்டியலில் வராது. இங்கே சிற்பி ரோடினின் உதாரணம் உதவும். ஏறத்தாழ 70 செ.மீ உயரமே இருந்த ‘சிந்தனையாளர்’ சிலையை ஆளைவிடப் பெரிதாக்கியவர் ஆன்ரி லெபோசே என்ற தொழில்நுட்பர்; புள்ளிக்குப் புள்ளி பெரிதாக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு செய்தார். 1904இல் அது பாரிசில் காட்சிக்கு வந்தது. இயந்திரம் பெருக்கிய சிலை என்பதற்காக அதை யாரும் சிற்பமல்ல என்று ஒதுக்கவில்லை. ஆகவே, கணினி தொட்டதாலேயே கலை கெட்டுவிட்டது என்று அழுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் லெபோசேயின் இயந்திரத்துக்கு முன்னால் ரோடின் கையால் செய்த களிமண் இருந்தது. பின்னாலும் அவருடைய கண் இருந்தது. நம்முடைய பட்டறைகளில் இரண்டு முனையிலும் ஆள் இல்லாமல் போகிறது. மாதிரி எங்கிருந்தோ இறக்கியது, பல நேரம் ஏதோ ஒரு கேமிலிருந்து உருவியது; அதன் உரிமை யாருடையது என்றுகூடக் கேட்பதில்லை. மறுமுனையில் ஒட்டி முடித்ததும் பெயிண்ட்.

சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடிக்கும் ஸ்தபதி, சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, சிற்ப நூலின் தாள அளவுகளுக்கேற்ப மடித்துக் குறி வைத்துக்கொள்கிறார். அதுவும் பேட்டர்ன்தான். அந்த ஓலையில் நெற்றியிலிருந்து நாடி வரை எவ்வளவு என்பது இருக்கும். கன்னம் எவ்வளவு புடைக்க வேண்டும் என்பது இருக்காது. அதை விரல் முடிவு செய்கிறது. டிஜிட்டல் பேட்டர்ன் புடைப்பையும் சேர்த்துச் சொல்வதாக நம்மை நம்பவைக்கிறது. உண்மையில் சொல்வது முனைகளின் இடத்தை மட்டும்தான். முனைக்கும் முனைக்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பது அதிலும் இல்லை. ஓலை தன் எல்லையை மறைக்கவில்லை. இது மறைக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் பட்டறைகள் இந்த முறையை விடப்போவதில்லை, விடவும் கூடாது. காரணம், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வசதி. எண் போட்ட துண்டுகளைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் வெட்டலாம். தலைமைக் கலைஞர் மேற்பரப்பைப் பார்த்துக்கொள்ளலாம். படப்பிடிப்பில் சிலையின் கை உடைந்தால், அந்தத் துண்டுகளை மட்டும் மறுபடி அச்சிட்டு ஒட்டிவிடலாம். கல்யாண மேடைக்கு மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டித் தரும் சின்னக் கடைக்காரர்கூட, சூட்டுக் கம்பியும் பிரிண்டரும் இருந்தால் ஆளுயர யானை செய்ய முடிகிறது. ஜெர்மனியின் காமுய் காஸ்ப்ளே, அமெரிக்காவின் பில் டோரன் போன்றவர்கள் தங்கள் கைப்பழக்கத்தைப் பேட்டர்னாகவும் புத்தகமாகவும் விற்பதால், குருவின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் ஒரு மாணவி தன் வீட்டு மேசையில் தொடங்க முடிகிறது. அந்தத் திறப்பின் மதிப்பு பெரிது. தொடங்கியவள் பேட்டர்னோடு நின்றுவிடுகிறாளா, அதைத் திருத்தப் பழகுகிறாளா என்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஆகும் கேடு பற்றிச் சுருக்கமாக. சூட்டுக் கம்பி தெர்மாகோலை உருக்கும்போது ஸ்டைரின் ஆவி வரும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற பிரிவில் 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் குழு அதைச் சேர்த்தது. மெத்தை ஃபோம் வகையான பாலியூரித்தேனைச் சூட்டுக் கம்பியால் வெட்டவே கூடாது. வரும் புகை விஷம். மூடிய அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு வெட்டுவது காற்றோட்டம் ஆகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தெர்மாகோல் தட்டு, கப் போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது. சிலைக்கு வெட்டிப் போடும் குப்பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுக்கு முறையில் வட்டம் வெட்டிய அட்டையின் மூலைகள் மொத்தமும் குப்பை. துண்டுகளைத் தாளில் நெருக்கி அடுக்கிக் கொடுக்கும் மென்பொருள் இந்த ஒரு விஷயத்தில் மனிதனைவிட ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, எடை. தெர்மாகோலைக் காற்று தூக்கிவிடும். 2017இல் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் மிதக்கவிட்ட அட்டைகளைக் காற்று கரை ஒதுக்கியது தமிழ்நாட்டுக்கே தெரியும். வெளியில் நிற்கப்போகும் உருவத்துக்கு உள்ளே இரும்புக் கம்பியும் அடியில் பாரமும் முதல் அட்டையை ஒட்டும் முன்பே போட்டாக வேண்டும். பேட்டர்னில் அதற்கான ஓட்டை எந்த அடுக்கில் எங்கே வரும் என்று குறித்துத் தரும் வடிவமைப்பாளர்கள் மிகக் குறைவு.

என் தீர்ப்பு இது: அளவுக்கும் சமச்சீருக்கும் பெருக்கத்துக்கும் டிஜிட்டல் பேட்டர்னை நம்பலாம், மேற்பரப்புக்கு நம்பக் கூடாது. உயிருள்ள உருவம் செய்பவர்கள் பேட்டர்னை வேண்டுமென்றே சற்றுச் சின்னதாகப் போட்டு, கரடுமுரடான கூடு வரை மட்டும் அதனிடம் வேலை வாங்கிவிட்டு, மேலே கையால் ஏற்றிச் செதுக்குவதற்கு இடம் விட வேண்டும். கவசம் செய்பவர்கள் தானாக விரிக்கும் பொத்தானை அழுத்தும் முன் திரையிலிருக்கும் உருவத்தின் மேல் இணைப்புக் கோடுகளைத் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டும். முழுத் தாள்களையும் அச்சிடும் முன் 100 மி.மீ சதுரம் ஒன்றை அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்று பிரிண்டரில் ஒரு டிக் விழுந்திருந்தால் உருவம் முழுவதும் சுருங்கிவிடும்.

பேட்டர்ன் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் தாளின் மூலையில் இரண்டே வரி அச்சிடுங்கள்: இது எத்தனை மி.மீ ஃபோமுக்குப் போட்டது, கோடு வெளி அளவா உள் அளவா. துணி பேட்டர்ன் விற்பவர்கள் தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று எழுதாமல் விற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஃபோம் பேட்டர்ன் விற்பவர்களும் எழுதத்தான் வேண்டும்.